பத்துக்கு மூன்று

அச்சகத்தில் என் அக்கா புருஷனுக்கு மில்லி என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் ஆள் குடிகாரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் டீயைக்கூட அரை டம்ளருக்கு மேல் குடிக்க மாட்டார். காகிதம் வெட்டுகிற மெஷினில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். அச்சாகி வந்த தாள் கட்டைப் பார்த்தவுடனே, "ஒரு மில்லி இடிக்குது, திருப்பி அனுப்பு" என்பார். அளவுகோலை வைத்துப் பார்த்தால் சரியாக ஒரு மில்லிமீட்டர் இடிக்கும். அப்படி வந்த பெயர்.

அவருக்குக் கண்ணைவிடக் கை பெரிது. ஒரு தாளை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் எத்தனை கிராம் தாள் என்று சொல்லிவிடுவார். ஐந்நூறு தாள் கட்டில் ஒரு தாள் மடங்கிக் கிடந்தாலும் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பிடித்துவிடுவார். நான் அதே அறையில், அவர் மெஷினுக்கு நாலடி தள்ளி, புத்தகத்துக்குக் கம்பிப் பின் அடிக்கிற மெஷினில் இருக்கிறேன். நாளைக்கு நாலு புத்தகத்தையாவது கோணலாக அடித்து அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

"மச்சான், உனக்குக் கண்ணு முகத்துல இருக்கா, முதுகுல இருக்கா?"

"முதுகுலதான் மாமா. அதான் நீங்க முறைக்கிறது தெரியுது."

வெட்டு மெஷினில் இரண்டு பொத்தான் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் கத்தி இறங்கும். கத்திக்கு அடியில் கை இருக்கக் கூடாது என்று செய்து வைத்த ஏற்பாடு. எங்கள் தொழிலில் இந்த ஏற்பாட்டை மதித்த ஆளை நான் பார்த்ததில்லை. அட்டையை நாலாக மடித்து ஒரு பொத்தானில் செருகிவிட்டால் அது அமுங்கியே கிடக்கும். ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டலாம். வேலை பறக்கும். மாமாவும் செருகித்தான் வைத்திருந்தார். எத்தனையோ வருஷமாக.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, வலது கையால் கட்டைச் சரி பண்ணிக்கொண்டே இடது கையால் அமுக்கிவிட்டார். வேறு சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. தாள் வெட்டுகிற அதே சத்தம்தான். நான் நிமிரக்கூட இல்லை.

"மச்சான், கை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மணிக்கட்டோடு போயிருந்தது. நாலு பேர் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். கையை நான் எடுத்தேன். எங்கள் அறையிலிருந்து எது வெளியே போனாலும் முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டிவிட்டுத்தான் அனுப்புவோம், தாள் நனைந்தால் போச்சு. அந்தப் பழக்கத்தில் கையைச் சுத்தமான துணியில் சுற்றி, புத்தகம் கட்டுகிற உறைக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, எதிர்க்கடை குளிர்பானப் பெட்டியிலிருந்து வாங்கிய ஐஸுக்குள் புதைத்தேன்.

ஆஸ்பத்திரியில் வழுக்கைத் தலை டாக்டர் ஒருவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "யாரு கட்டினது? ஐஸ் நேரா பட்டிருந்தா கை செத்திருக்கும். யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார்.

"யாரும் இல்லைங்க. நனையக் கூடாதுல்ல."

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார். வெளியே வர பதினோரு மணி நேரம் ஆனது. எலும்புக்குத் தகடு, ரத்தக் குழாய்க்கு முடியைவிட மெல்லிய நூல், தசைநாருக்கு ஒரு நூல், நரம்புக்கு ஒரு நூல். எல்லாம் தைத்தல்தான். அந்த மனுஷன் பின் அடித்திருந்தால் ஒரு புத்தகமும் கோணாது.

கை பிழைத்துவிட்டது. நிறம் வந்தது, சூடு வந்தது, நகம் வளர்ந்தது. மூன்று மாதத்தில் விரல்கள் கொஞ்சம் மடங்கின. ஆனால் உணர்ச்சி இல்லை. கிள்ளினால் தெரியாது. தூங்கும்போது அதன் மேலேயே படுத்துவிடுவார். அக்கா அதற்கு விருந்தாளி என்று பெயர் வைத்தாள்.

"வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கு. பேசவும் மாட்டேங்குது, ஒரு வேலைக்கும் கூடமாட வர மாட்டேங்குது. சும்மா சட்டைக்குள்ள உட்கார்ந்திருக்கு" என்பாள். மாமா சிரிப்பார். சிரித்து முடித்ததும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

டாக்டர் விஷயத்தை உடைத்துச் சொன்னார். நரம்பைத் தைத்தால் கம்பியைச் சேர்த்த மாதிரி உடனே ஓடாது. வெட்டுப்பட்ட இடத்திலிருந்து விரல் நுனி வரைக்கும் புதிதாக வளர்ந்து போக வேண்டும். நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்.

விபத்துக்குப் பிறகு மாமா வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். "நம்ம ஆளுதான் டாக்டர் அது" என்றார். அங்கேயே அளவுகோல் கேட்டு வாங்கி, மணிக்கட்டிலிருந்து ஆள்காட்டி விரல் நுனி வரை அளந்தார். நூற்றெண்பத்தைந்து. "ஆறே மாசம்."

"கணக்கு அப்படித்தான். நரம்பு கணக்குப்படி நடக்காது. பாதியில நின்னுடும். வழி தவறி வேற எங்கயாவது போகும்" என்றார் டாக்டர். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொரு விஷயம் சொன்னார்.

ஸ்டெம் செல் வைத்து ஒரு ஆராய்ச்சி நடக்கிறதாம். இடுப்பு எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையை ஊசியில் எடுத்து, அதிலுள்ள அந்தச் செல்களை மட்டும் பிரித்து, சில வாரம் வளர்த்து, நரம்பைத் தைத்த இடத்தைச் சுற்றிப் போடுவார்கள்.

"அது என்ன செல்லு?" என்றாள் அக்கா.

"நான் இன்ன வேலைதான் செய்வேன்னு இன்னும் முடிவு பண்ணாத செல்லும்மா."

"வேலைவெட்டி இல்லாத ஆளுங்களா? ஊர்ல சும்மா சுத்துற எங்க சின்னத் தம்பி மாதிரின்னு சொல்லுங்க."

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அது போய் நரம்பா மாறிடாது. பக்கத்துல நின்னு நரம்பு வளர்றதுக்குத் தோதா சில சத்தைச் சுரக்கும்னு நினைக்கிறோம். நினைக்கிறோம், அவ்வளவுதான். நிரூபணம் ஆகல. அதைப் பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சி. மொத்தம் இருபத்தெட்டு பேர். பாதிப் பேருக்குச் செல்லு, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. மஜ்ஜை எல்லார்கிட்டயும் எடுப்போம். யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, சோதிச்சுப் பார்க்கிறவங்களுக்கும் தெரியாது. ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் பிரிச்சுப் பார்ப்போம்."

"எனக்கு உப்புத் தண்ணி வந்துட்டா?" என்றார் மாமா.

"வரலாம். அதையும் யோசிச்சுத்தான் கையெழுத்துப் போடணும்."

மாமா இடது கையால் கோணலும் மாணலுமாகக் கையெழுத்துப் போட்டார். மஜ்ஜை எடுத்த இடம் ஒரு வாரம் வலித்தது. அடுத்த மாதம் மணிக்கட்டில் இரண்டு ஊசி. உள்ளே போனது செல்லா தண்ணியா, அவருக்கும் தெரியாது, ஊசிக்கும் தெரியாது.

எங்கள் முதலாளி மோசமான ஆள் இல்லை. பொத்தானில் செருகியிருந்த அட்டையை அவரே வந்து பிடுங்கி எறிந்தார். மாமாவைக் கூப்பிட்டு, "மெஷினுக்கு ஒரு வருஷத்துக்குத் தற்காலிகமா ஆள் போட்டிருக்கேன். அதுக்குள்ள விரல் நுனிக்கு உணர்ச்சி வந்துடுச்சுன்னு ஆஸ்பத்திரியில எழுதி வாங்கிட்டு வா, உன் இடம் உனக்கு. அது இல்லாம கத்திகிட்ட விடமாட்டேன்" என்றார். நியாயமான பேச்சு. மாமாவுக்கு அந்த மெஷினை விட்டால் வேறு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இஷ்டமில்லை.

மாதம் ஒரு தடவை சோதனை. நான் கூடப் போவேன். சோதிக்கிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். தினம் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை எழுதிக் கொடுப்பாள், செய்யாவிட்டால் திட்டுவாள், அதனால் மாமா அவளை டீச்சரம்மா என்பார். சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு மணல் மூட்டை, இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். மாமா கண்ணை மூடிக்கொண்டு கையை மணல் மூட்டை மேல் வைப்பார். அவள் குச்சியில் மாட்டிய நைலான் இழையால் விரல் நுனியைத் தொடுவாள். கட்டைவிரலில் ஆரம்பித்து சுண்டுவிரல் வரை, ஒரு விரலுக்கு இரண்டு தடவை. சில சமயம் தொடுவதுபோல் வந்து தொடாமலும் விடுவாள். ஒவ்வொரு தடவையும் "இப்ப?" என்பாள். தெரிந்தால் "இருக்கு", தெரியாவிட்டால் "இல்லை". எந்த விரல் என்றும் சொல்ல வேண்டும்.

விபத்து நடந்து ஆறாம் மாதம் முடிந்தது. பத்துக்குப் பத்தும் "இல்லை"தான். அன்று பஸ்ஸில் மாமா வழிநெடுக வலது கை விரல்களைக் கிள்ளிக்கொண்டே வந்தார்.

ஏழாம் மாதமும் அப்படியே. எட்டாம் மாதம் பத்துக்கு ஏழு. ஒன்பதாம் மாதம் எட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை. "செல்லு வேலை செய்யுதுக்கா" என்று அக்காவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். "வேலைவெட்டி இல்லாதவனெல்லாம் திருந்திட்டான்" என்று அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா மட்டும் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

பத்தாம் மாதச் சோதனைக்கு இரண்டு நாள் முன்பு ஞாயிற்றுக்கிழமை. மாமா தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இடது கையில் பெட்டி, வலது கை துணியைப் பிடித்திருந்தது. நானும் அங்கேதான் இருந்தேன். அக்கா அடுப்படியிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். "என்ன கருகுது?"

மாமா பெட்டியைத் தூக்கினார். சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கை நடுவிரல் நுனி வெந்து வெள்ளையாகியிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார், வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல.

அக்கா கையைப் பிடித்துத் தண்ணீரில் விட்டாள். திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. விரலுக்கு மருந்து போட்டு முடித்த பிறகு கேட்டாள்.

"அடுப்படியில இருந்த என் மூக்குக்குத் தெரிஞ்சது உங்க கைக்குத் தெரியல. அப்புறம் எப்படிங்க பத்துக்கு எட்டு?"

மாமா சட்டையை மடிக்க ஆரம்பித்தார்.

"நைலான் இழை தெரியுமாம், நெருப்பு தெரியாதாம். யாருகிட்ட கதை விடுறீங்க?"

"ஸ்டூலு" என்றார் மாமா.

"என்னது?"

"அந்தப் பொண்ணு தொட வரும்போது முன்னாடி சாயும். ஸ்டூல் கிறீச்சுங்கும். தொடாம விடும்போது சாயாது. கட்டைவிரல்ல ஆரம்பிச்சு வரிசையாத்தான் போகும். ரெண்டு ரெண்டா எண்ணிட்டே வந்தா எந்த விரல்னு தெரிஞ்சுடும்."

மெஷினில் நிற்கிறவன் காதாலும் எண்ணிக்கையாலும்தான் பிழைப்பான். தாள் கட்டை அமுக்குகிற கிளாம்ப் இறங்குகிற சத்தம், கத்தி ஏறுகிற சத்தம், எத்தனையாவது வெட்டு, எல்லாம் பார்க்காமலே தெரியும். இந்த மனுஷன் அந்த வித்தையைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார்.

"ஏன் மாமா?" என்றேன்.

"ஒரு வருஷம் முடிய இன்னும் ரெண்டே மாசம்டா. எழுதிக் குடுத்துட்டா மெஷின்ல ஏறிடலாம். உணர்ச்சி பின்னாடி வந்துட்டுப் போகுது. கண்ணால பார்த்து ஓட்டிக்க மாட்டனா?"

"ஓட்டுங்க, நல்லா ஓட்டுங்க" என்றாள் அக்கா. "கத்தி இறங்குறப்ப உங்க கை உள்ள இருந்தா ஸ்டூல் வந்து கிறீச்சுன்னு சத்தம் போடுமா? ஒரு தடவை ஒட்ட வச்சுட்டாங்க. இன்னொரு தடவை ஐஸ் வாங்க என் தம்பியால ஓட முடியாது, அவனுக்கும் மூச்சு வாங்குது." பிறகு குரலை இறக்கினாள். "செவ்வாய்க்கிழமை நீங்களே சொல்லிடுங்க. நான் வரல. நான் சொன்னா அது என் பேச்சாப் போயிடும்."

செவ்வாய்க்கிழமை அந்தச் சின்ன அறையில் மாமா கையை மணல் மூட்டை மேல் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

சொன்னார். ஸ்டூல், எண்ணிக்கை, எல்லாம் சொன்னார். வெந்த விரலையும் காட்டினார். அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தாள். பிறகு ஸ்டூலில் முன்னால் சாய்ந்து பார்த்தாள். கிறீச்சென்றது. பின்னால் சாய்ந்தாள். மறுபடி சாய்ந்தாள். கிறீச்.

"இதை நான் ஒரு நாள்கூடக் கவனிச்சதில்ல அண்ணே."

"எனக்கு அதான் பொழப்பு."

"உங்களுக்கு மட்டும் போட்ட ஊசியா இருந்தா பரவாயில்ல. உங்க எட்டையும் சேர்த்துத்தான கூட்டப் போறோம். உங்க பொய்ய நம்பி, இது வேலை செய்யுதுன்னு சொல்லி, நாளைக்கு எத்தனை பேரு இடுப்பு எலும்புல ஊசி குத்துவோம் தெரியுமா?" குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அந்த வழி அவர் யோசித்ததே இல்லை. நானும் யோசித்ததில்லை.

டாக்டர் வந்தார். கேட்டார். வழுக்கையைத் தடவிக்கொண்டார். "எட்டாம் மாசம், ஒன்பதாம் மாசம் ரெண்டும் செல்லாதுன்னு எழுது. காரணத்தையும் எழுது. ஆளை நீக்க வேண்டாம். சோதிக்கிற முறையில ஓட்டை இருந்திருக்கு, அது நம்ம தப்பும்தான்" என்றார். என்னிடம் திரும்பி, "நனையக் கூடாதுன்னு கட்டினவன் நீதான? பாத்துக்க உங்க மாமாவை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே மறுபடி சோதனை. மாமாவின் காதை இரைச்சல் தடுக்கிற மூடியால் மூடினார்கள். தொடும்போது டீச்சரம்மா அவர் தோளைத் தட்டுவாள், தொடாமல் விடும்போதும் தட்டுவாள். விரல் வரிசையையும் கலைத்துவிட்டாள். நான் சுவரோரம் நின்றேன்.

இல்லை. இல்லை. இல்லை. மாமா சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார், காது மூடியிருந்ததால் சந்தைக் கூச்சல் மாதிரி இருந்தது. நாலாவது தட்டலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நெற்றி சுருங்கியது.

டீச்சரம்மா காது மூடியைத் தூக்கினாள். "என்ன அண்ணே?"

"இல்லன்னே வச்சுக்கங்க."

"இப்பதான எல்லாத்தையும் சொன்னீங்க. மறுபடியும் ஆரம்பிக்கிறீங்களா?"

மாமாவுக்கு வெட்கமாகிவிட்டது. "தொட்டது தெரிஞ்சுது. ஆனா அது கோளாறும்மா. ஒரு மாசமாவே இப்படித்தான். வீட்டுல ஆள்காட்டி விரலு எங்கயாவது இடிச்சா நடுவிரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. மூளை குழம்பிடுச்சுன்னு நினைச்சு வெளிய சொல்லல. சொன்னா உள்ளதும் கெட்டுதுன்னு அனுப்பிடுவீங்கன்னு..."

"இப்ப எந்த விரல்ல தெரிஞ்சுது?"

"நடுவிரல்ல."

"நான் தொட்டது ஆள்காட்டி விரல்."

"அதான் சொல்றேன்ல, கோளாறு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அந்த அறையில் அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "நரம்பு விரல் நுனி வரைக்கும் வந்துடுச்சு அண்ணே. வழி மாறிப் போய் நடுவிரல் நரம்பு ஆள்காட்டி விரல்ல குடியேறிடுச்சு. மூளைக்கு அது இன்னும் பழைய விலாசத்துலேயே இருக்கு. வெட்டித் தைச்ச நரம்பு நிறைய இப்படித்தான் வரும். பழக்கிக்கலாம். இதை மொதல்லயே சொல்லியிருந்தா இந்நேரம் பழக்க ஆரம்பிச்சிருப்பேன்."

மாமா கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இல்லாததையெல்லாம் இருக்கு என்று அளந்துவிட்டு, இருந்த ஒன்றை இல்லை என்று மறைத்து வைத்திருக்கிறார். "கழுதை" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

முடிவில் பத்துக்கு மூன்று. மூன்றும் இடம் மாறிய மூன்று.

அவர் கேட்டுக்கொண்டபடி அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். நேராக அச்சகத்துக்குப் போனோம். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"மூணா? போன மாசம் எட்டுன்னு உன் மச்சான் ஊரெல்லாம் சொன்னானே."

"எட்டு பொய்ங்க. மூணு நெசம்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு மாசத்துல மூணு பத்தாகுமா?"

"ஆகாதுங்க. எப்ப ஆகும்னும் தெரியாது. ஆகாமலே போனாலும் போகும். மெஷினை இப்ப ஓட்டுற பையனுக்கே நிரந்தரமா குடுத்துடுங்க. வேலையைச் சுத்தமா செய்யுற பையன். கட்டைத் தட்டி அடுக்குறதுல மட்டும் அவசரம், நான் சொல்லித் திருத்திடறேன்."

இதைச் சொல்லும்போது அவர் மெஷின் பக்கம் திரும்பவில்லை. நான் என் இடத்தில் போய் உட்கார்ந்து அன்றைக்கு ஏழு புத்தகத்தைக் கோணலாக அடித்தேன். ஒருத்தரும் திட்டவில்லை.

இப்போது மாமா ஜன்னலோரம் மேஜையில் உட்கார்ந்து, மடித்து வந்த தாள்களைப் பக்க வரிசை பார்க்கிறார். இடது கை வேலை செய்யும், வலது கை கூட இருக்கும். ஐந்தாறு மாதம் ஆகிவிட்டது. போன சோதனையில் பத்துக்கு ஆறு. அதில் நாலு சரியான விரலில். அது செல்லாலா, தானாக வந்ததா என்று பிரித்துப் பார்க்க இன்னும் பல மாதம் இருக்கிறது. உப்புத் தண்ணியாக இருந்தால் என்ன செய்வாய் மாமா என்று ஒரு நாள் கேட்டேன். "எழுதிக்கட்டும். அவங்களுக்கும் அது வேணும்ல" என்றார்.

போன வாரம் முதலாளி அவர் மேஜைக்கு வந்து, வெட்டு மெஷினுக்கு இரண்டாவது ஆள் தேவைப்படுகிறது, பார்க்கிறாயா என்றார். மாமா எழுந்து நின்றார். ஆசை முகத்தில் அப்படியே தெரிந்தது. ஆனால் வலது கை விரல்களை மேஜை விளிம்பில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, "கண்ணை மூடினா இன்னும் எல்லா விரலும் சரியாத் தெரியலைங்க. அது தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டில் அக்காதான் டீச்சர். மாமா கண்ணை மூடிக் கையை நீட்டுவார். அக்கா பென்சில் முனையால், நெல்லிக்காயளவு பஞ்சால், சில நாள் குளிர்ந்த ஸ்பூனால் தொடுவாள். குளிர் பட்டால் இப்போது அவருக்குச் சுள்ளென்று வலிக்கிறது, துள்ளுவார். வலிக்கட்டும், வலிப்பது நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேற்று நான் போனபோதும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

"ஸ்ஸ்... மோதிர விரல்."

"கண்ணைத் திறந்து பாருங்க."

மாமா கண்ணைத் திறந்தார். ஸ்பூன் நடுவிரலில் இருந்தது.

"நல்லாப் பாருங்க. இதுதான் நடுவிரல். பார்த்துட்டீங்களா? மூடுங்க. இப்ப எந்த விரல்?"